எப்பொக்சி பவுடர் கோட்டிங்: யாழ்ப்பாணப் பட்டறை வேலை எங்கே நிற்கும், எங்கே உரியும்

யன்னல் கிறில், மாடிப்படிக் கைபிடி, கடைத் தட்டு, நீர்ப்பம்பி மூடி, வாசல் கேற். இந்த ஐந்து சாமான்களையும் யாழ். நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் (பூச்சுத் தூளை மின்னேற்றி இரும்பில் தெளித்து, ஓவனில் உருக்கி இறுகவைக்கும் இடம்) பூசுவித்து, கைக்கு வந்ததும் சோதித்துப் பார்த்து எழுதும் மதிப்பீடு இது. பட்டறையின் பெயர் இங்கே வராது. கீழே வரும் கேள்விகள் குடாநாட்டில் இந்த வேலை செய்யும் எந்த இடத்திலும் கேட்க வேண்டியவை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு இவர்களின் வேலை நன்று, கொடுத்த காசுக்குப் பெறுமதி. பம்பி மூடியும் கடைத் தட்டும் குறை சொல்ல இடமில்லாமல் வந்தன. வெயிலில் நிற்கும் கேற்றுக்கு அதே எப்பொக்சிப் பவுடரை மட்டும் பூசித் தந்தது பிழை. கிறிலில் தடித்த இரும்பு சரியாக வேகவில்லை. இந்த இரண்டும் திருத்த முடியாத குறைகள் அல்ல. வேலைக்குக் கொடுப்பவர் முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

முதலில் பவுடர் என்றால் என்ன என்பது. வீடுகளில் தெரிந்த எப்பொக்சி, அரல்டைற் போல இரண்டு குழாயில் வருவது. அது திரவ ரெசின், இன்னொரு திரவத்தோடு கலந்தால் அறைச் சூட்டிலேயே இறுகும். பவுடரில் இருப்பது திண்ம ரெசின். அதே திரவ ரெசினோடு அதன் மூலப்பொருளான பிஸ்பீனோல் ஏயை மேலும் சேர்த்துச் சூடாக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நீளமாகக் கோர்த்துக்கொள்கின்றன. ஆறினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும் ஒரு பொருள் கிடைக்கிறது. எவ்வளவு நீளமாகக் கோர்த்தது என்பதை ஒரு மோல் எப்பொக்சி முனைக்கு (இறுக்கியோடு சேரும் மூலக்கூற்று நுனி) எத்தனை கிராம் ரெசின் என்ற கணக்கால் சொல்வார்கள். திரவத்தில் அது 190 அளவு. திண்மத்தில் முதலாம் வகைக்கு 450 முதல் 550 வரை. பவுடர் கோட்டிங்குக்குப் பெரும்பாலும் எடுப்பது மூன்றாம், நான்காம் வகைகள், 700 முதல் 1,000 வரையில். எண் கூடக்கூட வளைந்து கொடுக்கும் தன்மையும் இரும்பில் பிடிக்கும் தன்மையும் கூடும். எப்பொக்சி முனைகள் குறைவதால், இறுகும்போது மூலக்கூறுகள் கட்டும் வலைப்பின்னலின் நெருக்கமும் கரைப்பானைத் தாங்கும் வலுவும் குறையும். 1,700க்கு மேலே போகும் நீண்ட வகைகளைக் கரைப்பானில் கரைத்து, பீனோலிக் ரெசின் சேர்த்துத் தகரப் பேணிகளின் உள்ளே பூசுவார்கள். டின்மீன் பேணியைத் திறந்தால் உள்ளே தெரியும் பொன்னிறப் பூச்சு நெடுங்காலமாக இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பவுடர் ஒரே பொருள் அல்ல. ரெசின், இறுக்கி, நிறம், நிரப்பி, பரவுவதற்கான சிறிதளவு சேர்க்கை எல்லாவற்றையும் 100 பாகை செல்சியஸ் அளவில் உருக்கிப் பிசைந்து, தகடாக ஆறவைத்து, 30 முதல் 50 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) மணியாக அரைத்தது. வழக்கமான இறுக்கி டைசியன்டையமைட். இது தனியே 210 பாகை அளவில்தான் உருகும். அதனால் சாதாரணச் சூட்டில் பவுடருக்குள் சும்மா கிடக்கும். வேகம் கூட்டும் ஊக்கியோடு ஓவனுக்குள் போனபிறகுதான் ரெசினில் கரைந்து வேலையைத் தொடங்கும். பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும் பவுடர் கால் மணித்தியாலத்தில் இறுகுவதன் இரகசியம் இதுதான்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து வெக்கை குறுக்கே வருகிறது. பெட்டிகளை 25 பாகைக்குக் கிட்ட, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே 40 பாகை சாதாரணம். அந்தச் சூட்டில் பவுடர் உருகாது; ஆனால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரம்பட்ட புட்டு மா போலக் கட்டிபடும். கட்டியை அரிதட்டில் அரித்துப் பாவித்தாலும் பூச்சு முகம் சீராக வராது. இந்தப் பட்டறையில் பவுடருக்கென்று குளிரூட்டிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதற்கு முழுப் பாராட்டு. ஒரு திருத்தம் மட்டும்: குளிர் அறையிலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்கக்கூடாது. வெளிக்காற்றின் ஈரம் பவுடரில் வேர்த்துவிடும். மூடியபடியே சில மணித்தியாலம் வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும்.

இனிக் கழுவல். எங்கள் பக்கத்தில் பூச்சு உரிவதற்கு முதல் காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெல்டிங் முடிந்து வரும் இரும்பில் எண்ணெய், ஆலையில் வரும்போதே இருக்கும் கருநீலச் செதில், கறள், வெல்டிங் கசடு எல்லாம் இருக்கும். செதில் இரும்பில் இறுகப் பிடித்திருப்பதுபோலத் தெரியும், ஆனால் பின்னர் பூச்சையும் சேர்த்துக்கொண்டு கழரும். மணல் வீச்சால் ஐ.எஸ்.ஓ 8501 தரத்தில் எஸ்ஏ 2½ வரை, அதாவது கிட்டத்தட்ட வெறும் இரும்பு தெரியும்வரை, வெள்ளையாக்குவது சிறந்த வழி. இந்தப் பட்டறையில் அது இல்லை, தொட்டி முறைதான். சூடான காரத்தில் எண்ணெய் நீக்கம், அலசல், பொசுபாரிக் அமிலத்தில் கறள் நீக்கம், அலசல், நாகப் பொசுபேற்றுத் தொட்டி, கடைசி அலசல். வரிசை சரி, நேரமும் சரி. பொசுபேற்று ஏறிய இரும்பு மெல்லிய சாம்பல் நிறத்தில் சீராக இருந்தது. கறுத்தத் துணியால் துடைத்தபோது வெள்ளைத் தூள் வரவில்லை. தூள் வந்தால் பொசுபேற்றுப் பளிங்கு பெரிதாக வளர்ந்துவிட்டது, அதன்மேல் பூசுவது மணலில் பூசுவது போலத்தான்.

குறை கடைசி அலசலில். கிணற்றுத் தண்ணீரில் அலசுகிறார்கள். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் கிடப்பது; வன்மை கூடியது, கரையோரக் கிணறுகளில் உவரும் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் இரும்பில் காய்ந்தால் உப்பு அப்படியே தங்கும், அதன்மேல் பூச்சு வரும். எப்பொக்சிப் படலம் எவ்வளவு நல்லதென்றாலும் நீராவியை முழுதாகத் தடுக்காது. கீழே உப்பு இருந்தால் அது நீரை உள்ளே இழுக்கும். மாரி ஒன்று போனதும் குண்டூசித்தலை அளவில் கொப்புளங்கள் எழும்பும். ஒன்றைக் குத்திப் பார்த்தால் உள்ளே ஈரம், அதற்கும் கீழே கறள். பவுடர் கூடாது என்று பழி சொல்வார்கள், காரணம் தண்ணீர். கட்டட அலுமினியத்துக்கான குவாலிகோட் விதி, கடைசி அலசலில் சாமானிலிருந்து சொட்டும் நீரின் மின்கடத்துதிறன் ஒரு சென்ரிமீற்றருக்கு 30 மைக்ரோசீமனைத் தாண்டக்கூடாது என்கிறது. இரும்புக் கிறிலுக்கு அந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் கடைசி அலசலை மட்டும் மழைநீரிலோ ஆர்.ஓ. நீரிலோ செய்தால் பெரும் வித்தியாசம் வரும். குடிநீர் சோதிக்கும் பேனா மீற்றர் ஒன்று போதும், சொட்டும் நீரை அளந்து பார்க்கலாம். அலசியதும் 110 முதல் 120 பாகை ஓவனில் உலர்த்த வேண்டும். வெளியில் காயவிட்டால், சோளகக் காற்று வீசும் நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள் மஞ்சள் கறள் பூக்கும்.

பட்டறைக்கு அனுப்பும் வெல்டிங்காரருக்கும் இதில் பங்கு உண்டு. வெல்டிங் பொறி ஒட்டாமலிருக்க சிலிக்கோன் தெளிக்கக் கூடாது. பூச்சில் மீன் கண் போலக் குழிகள் விழும். கூரான விளிம்புகளை அரத்தால் மழுக்க வேண்டும். உருகும் பவுடர் விளிம்பை விட்டு விலகிப் போகும். பெட்டிக் குழாய்களில் இரண்டு முனையிலும் வடிதுளை போடவேண்டும். துளை இல்லாத குழாய்க்குள் மயிரிழை இடைவெளியால் புகுந்த அமிலம் ஓவனில் கொதித்து வெளியே வழியும். பூச்சின்மேல் பழுப்பு வரியைப் போட்டுவிடும். கேற்றில் குழாயின்மேல் தகட்டை ஒட்டி வைத்துப் பொட்டு வெல்டிங் அடித்த இடத்தில் இப்படியே நடந்திருந்தது. அந்த இடுக்குக்குள் எந்தத் தொட்டியும் சரியாகக் கழுவாது. கேற்றின் வடிவத்தை யோசிக்கும்போதே அதைத் தவிர்ப்பதுதான் வழி.

நாகம் பூசிய ஜி.ஐ. பைப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். நாகப் படலத்துக்குள் அடைபட்ட வாயு, பூச்சு உருகியிருக்கும் நேரம் பார்த்து வெளியேறி ஊசித்துளை போடும். பூசமுன் வெறும் குழாயை வேகும் சூட்டுக்கு மேலே கொண்டுபோய் வாயுவை விரட்டிவிட வேண்டும். மாடிப்படிக் கைபிடிக்கு அப்படிச் செய்தார்கள். ஒரு துளையும் காணவில்லை.

தெளிப்பு வேலையில் கை நன்றாகப் பழகியிருக்கிறது. துப்பாக்கி 60 முதல் 90 கிலோவோல்ற்றில் பவுடருக்கு மின்னேற்றும், சாமான் கொழுக்கி வழியாக நிலத்தோடு தொடுத்திருக்கும், மணிகள் இரும்பைத் தேடிப் போய் ஒட்டும். தட்டையான இடங்களில் 75 முதல் 85 மைக்ரோன் இருந்தது, வேண்டியது 60 முதல் 80. ஆனால் கிறிலில் இரண்டு கம்பிகள் குறுக்கே சந்திக்கும் உள்மூலையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். முகப்பு பளபளவென்று இருக்கும், மூலைக்குள் நிறம் மங்கி, சாம்பல் பொசுபேற்று ஊடே தெரியும். அங்கே 30 மைக்ரோன்தான். மின்புலம் வெளி விளிம்புகளில் முடிந்துவிடுவதால் பவுடர் மூலைக்குள் போக மறுக்கிறது. பலர் செய்வதுபோல காற்றழுத்தத்தைக் கூட்டி அடித்தால் இன்னும் மோசம், காற்று அங்கே இருந்த பவுடரையும் ஊதித் தள்ளும். மின்னழுத்தத்தைப் பாதியளவுக்கு இறக்கி, காற்றைக் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டுப் பிறகு முகப்புக்கு வர வேண்டும். கொழுக்கியில் பழைய பூச்சு தடித்திருந்தால் நிலத்தொடுப்பே இருக்காது. இங்கே கொழுக்கிகளைச் சுரண்டி வைத்திருக்கிறார்கள். கொம்பிரசர் குழாயில் நீர்ப்பிரிப்பி உண்டு, காலையில் வடித்தும் விடுகிறார்கள்.

ஓவனில்தான் பெரிய குறை. வேலை செய்யும் தம்பியிடம் கேட்டதும் அவர் சொன்னதும் இது:

"ஓவன் எத்தினை பாகை தம்பி?"

"இருநூறு அண்ணை. பதினைஞ்சு நிமிசம்."

"அது உள்ளுக்க இருக்கிற காத்தின்ரை சூடு. இரும்பின்ரை சூடு எவ்வளவு?"

"அது பாக்கிறேல்லை."

பவுடர் பெட்டியில் 180 பாகை, 10 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் அது இரும்பின் சூடு. இரும்பு 180 பாகையைத் தொட்ட நிமிடத்திலிருந்து பத்து எண்ண வேண்டும். ஒன்றரை மில்லிமீற்றர் குழாய் அந்தச் சூட்டுக்கு விரைவாக ஏறும். கிறிலின் சட்டமாக இருக்கும் 12 மில்லிமீற்றர் சதுர இரும்பு அதைவிட நன்றாகப் பிந்தும். இரண்டையும் ஒரே தரத்தில் ஏற்றி, கதவை மூடிய நேரத்திலிருந்து 15 நிமிடம் எண்ணினால் குழாய் வெந்திருக்கும், சதுர இரும்பு அரைகுறை. அரைகுறையைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல். பவுடர் உருகிப் பரவிப் பளபளப்பாகத்தான் இருக்கும். உருகுவதற்கு 100 பாகை போதும். வலைப்பின்னல் கட்டுவதற்குத்தான் 180 வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எம்.ஈ.கே. (மீதைல் எதைல் கீற்றோன்) கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஒரே இடத்தில் அழுத்தி 50 தரம் போய்வரத் தேய்ப்பது. அது கிடைக்காதவர்கள் அசிற்றோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைப் பாவிக்கலாம். கைபிடியில் மினுக்கம் சற்றே குறைந்தது, நகத்தால் கீறிப் பார்த்தும் அடையாளம் விழவில்லை. கிறிலின் சதுரச் சட்டத்தில் இருபதாவது தேய்ப்பிலேயே துணியில் கறுப்பு ஏறியது. படலம் மெழுகாகி நகம் புதைந்தது. அதே பவுடர், அதே நாள், அதே ஓவன். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது மறுபேச்சில்லாமல் ஓவனில் ஏற்றி 25 நிமிடம் கூடுதலாக வேகவைத்துத் தந்தார்கள். அதன்பின் அந்த இடம் தேய்ப்பைத் தாங்கியது. அரைவேக்காட்டு எப்பொக்சியை இப்படிப் பின்னரும் முழுதாக்கலாம். உரித்துப் பூசத் தேவையில்லை. பொலியெஸ்ரர் என்ற வேறு ரெசினில் செய்த பவுடரும், அதை எப்பொக்சியோடு கலந்த ஹைபிரிட் பவுடரும் முழுதாக வெந்தாலும் இந்தத் தேய்ப்பில் ஓரளவு இளகும். அவற்றை எப்பொக்சியின் அளவுகோலால் குற்றம் சாட்டக் கூடாது.

பட்டறைக்கு வேண்டியது வெப்பமானிக் கம்பி ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் மிகத் தடித்த துண்டில் கட்டிவிடுவது. கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானி பூசிய முகத்தில் ஓரளவு சரியாகக் காட்டும். பூசாத பளபள இரும்பில் மிகக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். கூட வெந்தாலும் கேடு உண்டு. வெள்ளை எப்பொக்சி மஞ்சளாகும், படலம் முறுகி உடையும் தன்மைக்கு வரும். வாயுச் சுவாலையின் புகை நேரடியாக உள்ளே வரும் ஓவன்களில் வெள்ளை இன்னும் விரைவாக மஞ்சளிக்கும். கடைத் தட்டுக்கு வெள்ளை கேட்பவர்கள் பாதிக்குப் பாதி எப்பொக்சியும் பொலியெஸ்ரரும் கலந்த ஹைபிரிட் பவுடரைக் கேட்பது புத்தி. மஞ்சளிப்பு அதில் குறைவு.

இனிக் கேற். மற்ற நாலுக்கும் எப்பொக்சி பொருத்தம். பம்பி மூடிக்கு அதைவிட நல்ல பவுடர் தேட வேண்டியதில்லை: காரம், எண்ணெய், நீர், உரசல் எதையும் தாங்கும், பிடி வலுவானது. ஆனால் பிஸ்பீனோல் ஏயின் வளையங்கள் வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் இயல்புள்ளவை. மேற்பரப்பு சிதைந்து மாவாகும். எங்கள் வெயிலில் சில மாதத்திலேயே கறுப்புக் கேற் நரைத்துப் போகும், தடவினால் கையில் மா ஒட்டும். இது கறள் அல்ல. மாவுக்குக் கீழே படலம் இன்னும் இரும்பைக் காத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் காசு கொடுத்து நரைத்த கேற்றை யார் விரும்புவார்? வெளியே நிற்கும் எதற்கும் மேல்பூச்சு பொலியெஸ்ரராக இருக்க வேண்டும். காரைநகர், மாதகல், பருத்தித்துறை போலக் கடலோரத்தில் என்றால் கீழே 60 முதல் 80 மைக்ரோன் எப்பொக்சி, மேலே அதேயளவு பொலியெஸ்ரர் என்று இரண்டு பூச்சாகக் கேளுங்கள். அடிப்பூச்சை முழுதாக வேகவிடாமல், உருகி இறுகத் தொடங்கியதும் எடுத்து, மேல்பூச்சு அடித்து, இரண்டையும் சேர்த்து வேகவைக்க வேண்டும். அடிப்பூச்சு முழுதாக வெந்துவிட்டால் மேல்பூச்சு அதில் பிடிக்காமல் தகடு தகடாகக் கழரும்.

பட்டறையில் கேட்டபோது பொலியெஸ்ரர் பவுடரும் அலமாரியில் இருந்தது. எங்கே நிற்கும் கேற் என்று ஓடர் எடுக்கும்போது அவர்கள் கேட்கவில்லை. சாமான் உள்ளுக்கா வெளியிலா என்ற ஒரு கேள்வியைப் பற்றுச்சீட்டிலேயே அச்சிட்டு வைத்தால் இந்தப் பிழை வராது.

சிலர் கொங்கிறீற்றுக்குள் போடும் கம்பியையும் இங்கே பூசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எப்பொக்சி பூசிய கம்பி என்பது தனித் தொழில். மணல் வீசிய கம்பியை 230 பாகை அளவில் சூடாக்கி, ஓட்டத்திலேயே பவுடர் அடிப்பார்கள். கம்பியின் சூட்டிலேயே அது உருகி இறுகும். 175 முதல் 300 மைக்ரோன் தடிப்பு, வளைத்தாலும் வெடிக்காத தனிப் பவுடர். அமெரிக்காவில் 1973இல் பென்சில்வேனியாப் பாலமொன்றில் முதலில் போட்டார்கள். அப்படிச் செய்த கம்பியே புளோரிடா கீஸ் பாலங்களின் கடல்நீர் தெறிக்கும் தூண்களில், கட்டிப் பத்து வருடம் ஆகமுன், 1986இல் அரித்திருக்கக் கண்டார்கள். கடல் உப்புக்கும் இளஞ்சூட்டு ஈரத்துக்கும் முன்னால் பூச்சின் சின்னக் காயமும் வழிவிடும். கிறில் பவுடர் பூசிய கம்பியை வளைத்தால் வளைவில் அப்படியே வெடிக்கும்.

கூலி சதுர அடிக் கணக்கில். கணக்கைச் சரிபார்க்க ஒரு அளவு: அடர்த்தி 1.5 உள்ள பவுடர் ஒரு கிலோ, 70 மைக்ரோனில், சேதமில்லாமல் 100 சதுர அடி அளவுக்கு வரும். கிறிலில் கம்பிகளுக்கிடையால் பறந்து போவதே அதிகம் என்பதால் சிதறலைச் சேர்த்தெடுக்காத இடத்தில் பாதிதான் கைகூடும். கிறிலுக்குத் தட்டைவிடக் கூடக் கேட்பது நியாயமே.

வீட்டில் பொருத்தும்போது பூசிய சாமானில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். வைத்த இடத்தைச் சுற்றி எரிந்துபோகும். ஆணியும் நட்டும் போடும் துளைகளைப் பூசமுன்பே போட்டுவிடச் சொல்லுங்கள். அறுத்த முனை, காயம்பட்ட இடம் எதையும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு குப்பியில் வரும் திரவ எப்பொக்சியைத் தொட்டுவிட வேண்டும், வெயில் படும் இடமென்றால் அதன்மேல் ஒரு கை மேல்பூச்சும். ஈரச் சீமெந்து தெறித்தால் எப்பொக்சிக்கு ஒன்றும் ஆகாது. மாபிள் கழுவும் அமிலம் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏற்றிக்கொண்டு வரும்போது கிறிலுக்குக் கிறில் நடுவே கடதாசி மட்டையோ பழைய சாக்கோ வைத்து, கம்பியால் கட்டாமல் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள்; கைபிடியில் நாங்கள் கண்ட ஒரே கீறல் கட்டுக்கம்பி உரசியது.